ஊதிப் பார்க்காமல் விடப்படும் நோய்

சர்க்கரை நோய் உள்ளவர் தன் சர்க்கரை அளவைச் சொல்லத் தெரிந்து வைத்திருப்பார். ரத்தக்கொதிப்பு உள்ளவரும் அப்படித்தான், மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு என்பார். நாள்பட்ட நுரையீரல் நோயோடு பத்தாண்டுகளாக வாழும் ஒருவரிடம் கேட்டால் அப்படி ஓர் எண் வராது. "சளித் தொந்தரவுதான், குளிர் வந்தால் கொஞ்சம் இளைப்பு" என்று முடித்துக்கொள்வார். அவருடைய மருத்துவச் சீட்டுகளைப் புரட்டினாலும் அதே கதைதான். ஒருமுறை இருமல் மருந்து, ஒருமுறை ஆன்டிபயாட்டிக், இடையில் ஓர் ஊசி, அவசரத்துக்கு நெபுலைசர். ஒவ்வொரு வருகையும் ஒரு தனி இருமலாகவே பதிவாகியிருக்கும். சீட்டுகளை வரிசையாக அடுக்கினால் தெரியும் நோயின் பெயர், ஒரு சீட்டில்கூட எழுதப்பட்டிருக்காது.

முதல்நிலை மருத்துவத்தில் இந்த நோயை எப்படிக் கையாள்வது என்று பேச்சு எழுந்தால் எல்லோரும் நேரே மருந்துப் பட்டியலுக்குப் போய்விடுகிறார்கள். மருந்து முக்கியம்தான். ஆனால் என் கணக்கில், பெரும்பாலான பிழைகள் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. இது ஒரே நோய், விடாமல் தொடரும் நோய் என்று யாரும் சொல்லாமல் விடுவதுதான் முதல் பிழை. மற்றவை அதன் பின்னால் வருகின்றன.

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட மூச்சடைப்பு நோயில் இரண்டு கேடுகள் சேர்ந்தே நடக்கின்றன. மூச்சுக்குழாய்களின் சிறு கிளைகள் வீங்கித் தடித்து, சளி கட்டிக் குறுகிப்போகின்றன. அவற்றின் நுனியில் இருக்கும் காற்றுப்பைகளின் சுவர்கள் சிதைந்து, நுரையீரல் சுருங்கும் வலுவை இழக்கிறது. உள்ளே போன காற்று முழுதாக வெளியேறும் முன்பே அடுத்த மூச்சை இழுத்தாக வேண்டும். வேகமாக நடக்கும்போது மூச்சு விரைவாகி, வெளியே விட நேரம் இன்னும் குறைகிறது. காற்று தேங்கி நெஞ்சு உப்பி நிற்கிறது. நோயாளி "மூச்சை இழுக்க முடியவில்லை" என்றுதான் சொல்வார். உண்மையில் அவரால் விட முடியவில்லை. 2021-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 35 லட்சம் பேர் இந்த நோயால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மரணக் காரணங்களில் அது நான்காவது இடம். எழுபது வயதுக்குள் நேரும் சிஓபிடி இறப்புகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது, குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் நிகழ்கின்றன.

இவ்வளவு பெரிய நோய் எப்படிக் கண்ணுக்குத் தப்புகிறது? நுரையீரலில் உபரித் திறன் அதிகம் என்பது ஒரு காரணம். கணிசமான பங்கை இழந்த பிறகுதான் சமதளத்தில் நடக்கையில் இளைப்பு தெரியும். அதைவிடப் பெரிய காரணம், நோயாளி தன்னை அறியாமலே வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்வது. மாடிப்படி ஏறினால் இளைக்கிறது என்றால் ஏறுவதை நிறுத்திவிடுவார். பை தூக்குவதைப் பிள்ளைகளிடம் விடுவார். நண்பர்களோடு நடப்பதைத் தவிர்ப்பார். வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொள்வார். அதன்பின் மருத்துவர் "மூச்சு வாங்குகிறதா?" என்று கேட்டால், "இல்லை" என்று அவர் சொல்வது பொய்யே இல்லை. மூச்சு வாங்கும் வேலை எதையும்தான் அவர் செய்வதில்லையே. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. போன ஆண்டு செய்த எந்த வேலையை இந்த ஆண்டு விட்டுவிட்டீர்கள்? உங்கள் வயதுக்காரரோடு சேர்ந்து நடந்தால் பின்தங்குகிறீர்களா? எம்எம்ஆர்சி என்ற எளிய அளவுகோல் இதைத்தான் 0 முதல் 4 வரை எண்ணாக மாற்றுகிறது. கடுமையான உழைப்பில் மட்டும் இளைப்பு வந்தால் 0. வீட்டை விட்டு வெளியே போக முடியாமலோ, உடை மாற்றும்போதே இளைத்தோ போனால் 4. அரை நிமிடத்தில் கேட்டுவிடலாம்.

நோயைச் சந்தேகிப்பது எளிது, உறுதி செய்வதற்குத்தான் ஊதிப் பார்க்க வேண்டும். ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமீட்டரைப் பற்றி விரிவாக எழுதியது 1846-இல். கருவிக்கு வயது நூற்று எழுபதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் ரத்த அழுத்தக் கருவிக்குக் கிடைத்த இடம் அதற்கு இன்னும் கிடைக்கவில்லை. சோதனை இப்படி நடக்கும். மூச்சை முழுதாக உள்ளே இழுத்து, முடிந்தவரை வேகமாக, கடைசிச் சொட்டுக் காற்றும் வெளியேறும்வரை ஊத வேண்டும். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்தைக் கொடுத்து, கால் மணி நேரம் பொறுத்து மீண்டும் ஊதச் சொல்வார்கள். முதல் ஒரு விநாடியில் வெளிவந்த காற்றை, மொத்தமாக வெளிவந்த காற்றால் வகுக்க வேண்டும். மருந்துக்குப் பிறகும் அந்த விகிதம் 0.70-க்குக் கீழே இருந்தால் நிலையான அடைப்பு இருக்கிறது என்று பொருள்.

இந்த 0.70 என்ற வெட்டுக்கோடு வசதிக்காக வைத்துக்கொண்டது. வயது கூடக் கூட விகிதம் இயல்பாகவே இறங்கும் என்பதால் முதியவர்களில் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டலாம், இளையவர்களில் இருக்கும் நோயைத் தவறவிடலாம். எனவே வெறும் எண்ணை வைத்து நோய்ப் பெயர் சூட்டக் கூடாது. அறிகுறி வேண்டும், நுரையீரலைக் கெடுக்கும் எதையாவது நீண்ட காலம் சுவாசித்த வரலாறு வேண்டும், அதோடு எண்ணும் பொருந்த வேண்டும். அறிகுறியே இல்லாதவர்கள் எல்லோரையும் ஊதச் சொல்லிச் சலித்தெடுப்பதில் பயனில்லை என்று அமெரிக்க நோய்த் தடுப்புப் பணிக்குழு 2016-இலும் 2022-இலும் சொல்லியிருக்கிறது. அறிகுறி உள்ளவர்களைத் தேடிப் பிடிப்பது வேறு விஷயம். 2024-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், தொலைபேசியில் கேள்வி கேட்டு, மூச்சுத் தொந்தரவு இருந்தும் நோய்ப் பெயர் இல்லாதவர்களை அழைத்து ஊதவைத்தார்கள். சிஓபிடியோ ஆஸ்துமாவோ இருப்பதாகத் தெரிந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு நுரையீரல் மருத்துவரும் பயிற்றுநரும் முறையாகச் சிகிச்சை தந்தார்கள். மூச்சுக் கோளாறுக்காக அவர்கள் மருத்துவமனைகளையும் மருத்துவர்களையும் நாடியது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதிதான். பெயர் சூட்டுவதற்கு இவ்வளவு வலு உண்டு.

கருவி இல்லாத இடத்தில் என்ன செய்வது? பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறிய குழாய், ஆஸ்துமாவைப் பிரித்தறியக் கொஞ்சம் உதவும். மருந்துக்குப் பிறகு அளவு நன்றாக ஏறினால், அல்லது நாளுக்கு நாள் ஏறி இறங்கினால் ஆஸ்துமாவின் பக்கம் சாயலாம். சிறுவயதிலிருந்தே விட்டு விட்டு வரும் இளைப்பு, இரவில் கூடும் இருமல், ஒவ்வாமை ஆகியவையும் அந்தப் பக்கமே கைகாட்டும். இந்தப் பிரிப்பு ஏட்டளவிலான சமாச்சாரம் இல்லை. ஆஸ்துமாவில் உறிஞ்சும் ஸ்டீராய்டுதான் அடிப்படை மருந்து. அது இல்லாமல் இளைப்பு வரும்போது மட்டும் சால்புட்டமால் அடித்துக்கொள்ளும் பழக்கத்தை, ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டியான ஜினா 2019-இல் கைவிட்டது. சிஓபிடியில் நிலைமை வேறு. அங்கே மூச்சுக்குழாய் விரிப்பான்கள் முதலில் நிற்கும், ஸ்டீராய்டு சிலருக்கு மட்டுமே. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் என்றால் காசநோய்ச் சோதனையும் தவறக்கூடாது. பழைய காசநோய் விட்டுச்சென்ற தழும்பே பலருக்கு மூச்சடைப்பாக மாறியிருக்கும். மாத்திரை முடித்தாயிற்று, நோய் போய்விட்டது என்று அனுப்பிய பிறகு அவர்களை யாரும் ஊதவைத்துப் பார்ப்பதில்லை. இதய பலவீனமும் இதே இளைப்போடு வரும், இரண்டும் சேர்ந்தே இருப்பதும் சாதாரணம்.

புகைபிடிப்பவர்களின் நோய் என்ற எண்ணமும் கண்டுபிடிப்பைத் தாமதப்படுத்துகிறது. பணக்கார நாடுகளில் அது பெருமளவு உண்மை. மற்ற நாடுகளில் சிஓபிடி நோயாளிகளில் 30 முதல் 40 சதவீதம் பேருக்கு மட்டுமே புகையிலை காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விறகு, சாணம், கரி எரியும் அடுப்படியில் முப்பது ஆண்டு நின்ற பெண் ஒரு பீடிகூடப் பிடித்திருக்க மாட்டார், ஆனாலும் நோய் இருக்கும். கல் உடைத்தல், நெசவு, வெல்டிங், சுரங்கம் என்று தொழில்வழி வரும் தூசியும் அப்படியே. குறைப்பிரசவம், குழந்தைப் பருவ நிமோனியா போன்றவற்றால் நுரையீரல் முழுதாக வளராமலே வயதுக்கு வந்தவர்களும் உண்டு. சிஓபிடி வந்தவர்களில் பாதிப்பேர் வேகமாகத் தேய்ந்தவர்கள் இல்லை, தொடக்கத்திலேயே குறைவான திறனோடு கிளம்பியவர்கள் என்று 2015-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே "சிகரெட் உண்டா?" என்ற ஒற்றைக் கேள்வி போதாது. என்ன வேலை, எதில் சமையல், சின்ன வயதில் நெஞ்சுச்சளியால் படுத்ததுண்டா என்றும் கேட்க வேண்டும்.

அதற்காகப் புகையிலையைக் கீழே இறக்கிவைக்க முடியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த லங் ஹெல்த் ஸ்டடி என்ற ஆய்வில் பதினொரு ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது, புகைப்பதை விடாத ஆண்கள் ஆண்டுக்குச் சராசரியாக 66 மில்லிலிட்டர் மூச்சுத்திறனை இழந்தார்கள். தொடக்கத்திலேயே விட்டவர்கள் இழந்தது 30. வயதாவதால் எல்லோரும் இழக்கும் அளவுதான் அது. நோயின் ஓட்டத்தை இந்த அளவுக்கு மாற்றிக்காட்டிய மருந்து இன்றுவரை இல்லை. "புகைப்பதை நிறுத்துங்கள்" என்று சீட்டின் அடியில் எழுதித் தருவது சிகிச்சை ஆகாது. நிகோட்டின் பட்டை அல்லது சூயிங்கம், வரெனிக்லின், சைட்டிசின், புப்ரோபியான் இவற்றில் ஒன்றோடு ஆலோசனையும் சேர்ந்தால்தான் வெற்றி வாய்ப்பு கூடும். முதல் முயற்சியில் தோற்பது வழக்கம். தோற்று வந்தவரைத் திட்டி அனுப்பினால் அவர் அடுத்த முறை உண்மையைச் சொல்ல மாட்டார்.

இனி இன்ஹேலர். இந்த நோயில் நான் மிகவும் கோபப்படும் இடம் இதுதான். இன்ஹேலர் பயன்பாடு பற்றி நாற்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2016-இல் வெளியான ஒரு மதிப்பீடு, சரியாகப் பயன்படுத்துபவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்று சொன்னது. அதைவிட வருத்தம், நாற்பது ஆண்டில் அந்த நிலைமை மேம்படவே இல்லை என்பது. மருந்து தொண்டையில் படிகிறது, நோயாளி "பம்ப் எனக்கு வேலை செய்யவில்லை" என்கிறார், மருத்துவர் அதைவிட வலுவான மருந்தை எழுதுகிறார். அதுவும் தொண்டையில் படிகிறது.

இரண்டு வகைக் கருவிகளுக்கும் இழுக்கும் முறை நேர் எதிரானது என்பதுதான் குழப்பத்தின் மூலம். அழுத்திப் பீய்ச்சும் வகையில், குலுக்கி, மூச்சை முழுதாக வெளியே விட்டு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, தொடர்ந்து மெதுவாக ஆழமாக இழுத்து, பத்து விநாடி வரை அடக்க வேண்டும். வேகமாக இழுத்தால் கெட்டது. பொடி மருந்து வகையில் வேகமாகவும் பலமாகவும் இழுத்தால்தான் பொடி பிரிந்து உள்ளே போகும், மெதுவாக இழுத்தால் கெட்டது. அதற்குள் ஊதிவிட்டாலோ ஈரம் பட்டுப் பொடி கட்டியாகிவிடும். ஒருவருக்கே இரண்டு வகையையும் எழுதித் தந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பீய்ச்சும் வகையைக் கையும் மூச்சும் ஒத்துழைக்காதவர்கள், கருவிக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குடுவையை வைத்துப் பயன்படுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும். பெரியவர்கள் பலர் அதைக் குழந்தைகளுக்கானது என்று ஒதுக்குகிறார்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தென்றால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை படியும். ஒவ்வொரு முறை வரும்போதும் நோயாளி தன் கருவியைக் கொண்டுவந்து நம் கண்முன் பயன்படுத்திக் காட்ட வேண்டும். "சரியாத்தானே எடுக்கிறீங்க?" என்ற கேள்விக்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

மருந்துத் தேர்வு இதற்குப் பிறகு அவ்வளவு சிக்கலில்லை. நீண்ட நேரம் வேலை செய்யும் மூச்சுக்குழாய் விரிப்பான் ஒன்று, தேவைப்பட்டால் வேறு வகை விரிப்பான் ஒன்றையும் சேர்த்து. அடிக்கடி நோய் முற்றுபவர்களுக்கு மட்டும் உறிஞ்சும் ஸ்டீராய்டு. ரத்தத்தில் ஈசினோபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 300-க்கு மேல் இருந்தால் அதன் பலன் நன்றாகக் கிடைக்கும், 100-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கிடைக்காது. சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும் எண் இது. கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் ஸ்டீராய்டு தருவதில் விலை உண்டு. 2007-இல் வெளியான டார்ச் ஆய்வில் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு நிமோனியா அதிகம் வந்தது. ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவதற்கோ இந்த நோயில் இடமே இல்லை. எலும்பும் தசையும் தேயும், சர்க்கரை ஏறும், மூச்சு மேம்படாது. இருமல் சிரப்பைப் பற்றி எதுவும் சொல்லாமல் நகர்கிறேன்.

மருந்துச் சீட்டில் வராத இன்னொன்று, நடை. மூச்சு வாங்குகிறதே என்று அசையாமல் இருந்தால் கால் தசைகள் மெலிகின்றன. மெலிந்த தசை அதே வேலைக்கு அதிக ஆக்சிஜன் கேட்கிறது, இளைப்பு இன்னும் கூடுகிறது. இதை முறிப்பதற்குத்தான் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. ஆறு முதல் எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, கண்காணிப்பில் நடையும் தசைப் பயிற்சியும். நுரையீரல் எண்ணில் மாற்றம் வராது, ஆனால் நடக்கும் தூரமும் அன்றாட வாழ்வும் மேம்படும் என்பதற்குச் சான்று வலுவானது. இளைப்பு வந்தால் நுரையீரலுக்கு ஆபத்து என்று நோயாளிகள் பயப்படுகிறார்கள். பேச முடிகிற அளவுக்கு மூச்சு வாங்குவது பாதுகாப்பானதுதான் என்பதை ஒருவர் கூடவே நடந்து காட்டினால்தான் நம்புவார்கள்.

நோய் திடீரென முற்றுவதைத் தனியாகப் பேச வேண்டும். வழக்கத்தைவிட இளைப்பு, சளியின் அளவு, சளியின் நிறம் இந்த மூன்றும் கூடும்போது ஆன்டிபயாட்டிக் பயன் தருகிறது என்று 1987-இலேயே ஆந்தோனிசன் குழுவினர் காட்டினார்கள். சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறாமல் வெறும் இளைப்பு மட்டும் கூடியிருந்தால் பெரும்பாலும் தேவையில்லை. ஸ்டீராய்டு மாத்திரை ஐந்து நாள் போதும், பதினான்கு நாள் தருவதால் கூடுதல் பலன் இல்லை என்பதை 2013-இல் ரெட்யூஸ் என்ற ஆய்வு உறுதி செய்தது. ஆக்சிஜன் கொடுப்பதிலும் அளவு வேண்டும். இவர்களுக்கு ரத்த ஆக்சிஜன் 88 முதல் 92 சதவீதம் இருந்தால் போதும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் நோயாளிகளிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், முகமூடி போட்டு ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்ததைவிட அளந்து கொடுத்தபோது இறப்பு கணிசமாகக் குறைந்தது. நூறைத் தொடும் எண்ணைப் பார்த்து நிம்மதி அடையும் உறவினரிடம் இதை விளக்குவது கஷ்டம்தான்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கறுத்த தோல் உள்ளவர்களில் அது உண்மையான அளவைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020-இல் அமெரிக்க மருத்துவமனைத் தரவுகள் காட்டின. கருவி 92 என்கிறது, ஆள் தவிக்கிறார் என்றால் ஆளை நம்புங்கள். வீட்டில் ஆக்சிஜன் வைத்துக்கொள்வது ஓய்வாக இருக்கும்போதே அளவு 88 அல்லது அதற்குக் கீழே நிலைத்துவிட்டவர்களின் ஆயுளைத்தான் நீட்டிக்கிறது. அதுவும் நாளுக்குப் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையாமல் எடுத்தால். இளைப்பாக இருக்கும்போது மட்டும் பத்து நிமிடம் மாட்டிக்கொள்வதால் அந்தப் பலன் வராது. சிலிண்டர் பக்கத்தில் புகைபிடித்துத் தீக்காயம் பட்டவர்கள் உண்டு என்பதால் அதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும்.

நோய் முற்றி மருத்துவமனைக்குப் போய்த் திரும்பியவரின் அடுத்த சில வாரங்கள் ஆபத்தானவை. மறுபடி முற்றும் வாய்ப்பு கூடியிருக்கும், மாரடைப்பு வாய்ப்பும் கூடியிருக்கும். முதல்நிலை மருத்துவர் தானே கூப்பிட்டுப் பார்க்க வேண்டிய நேரம் இது. மருந்து வாங்கினாரா, கருவியை எப்படிப் பிடிக்கிறார், நடக்க ஆரம்பித்தாரா, இன்ஃப்ளுயன்சா, நிமோகாக்கல் தடுப்பூசிகள் போட்டாயிற்றா என்று பார்க்கலாம். இதய நோய் இருந்தால் அதற்கான சிகிச்சையைச் சிஓபிடியைக் காரணம் காட்டி நிறுத்தக் கூடாது. இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளில் இதயத்துக்கெனத் தேர்ந்தவற்றைத் தேவை உள்ளவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மனச்சோர்வு, எலும்புத் தேய்வு, எடை இழப்பு மூன்றும் இந்த நோயோடு ஒட்டியே வரும். எடை விரைவாகக் குறைந்தாலோ சளியில் ரத்தம் வந்தாலோ நுரையீரல் புற்றுநோயை நினைத்தே ஆக வேண்டும். நாற்பது வயதுக்குள், அல்லது புகையே படாதவருக்குக் கடுமையான நோய் வந்தால் நுரையீரலைக் காக்கும் புரதமான ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சினின் பரம்பரைக் குறைபாட்டையும் சோதிக்க நிபுணரிடம் அனுப்பலாம்.

நோய் கடைசிக் கட்டத்தை எட்டும்போது பேச்சை ஒத்திப்போடுவதே வழக்கமாக இருக்கிறது. புற்றுநோயில் "இனி என்ன" என்று கேட்கும் குடும்பம், மூச்சு நோயில் கேட்பதில்லை. இதற்கு முன்னும் இப்படித்தானே படுத்து எழுந்தார் என்ற நம்பிக்கை. மூச்சுக்குழாயில் குழாய் செருகி இயந்திரத்தில் வைப்பதை அவர் விரும்புவாரா என்பதை நிதானமாக இருக்கும் நாளில், அவரிடமே கேட்க வேண்டும். இளைப்பைத் தணிக்க முகத்தின் மேல் சிறு கைமின்விசிறியைக் காட்டுவதே சிலருக்கு நல்ல ஆறுதல் தருகிறது. முகத்தில் காற்றுப் படும் உணர்வு மூச்சுத் தவிப்பைக் குறைக்கிறது.

இத்தனையையும் யார் செய்வது? ஐந்து நிமிடத்துக்கு ஒரு நோயாளியைப் பார்க்கும் மருத்துவரால் முடியாது, முடியும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஊதவைப்பது, கருவிப் பயிற்சி, புகையை விடுவதற்கான ஆலோசனை, தொலைபேசியில் கூப்பிடுவது இவையெல்லாம் பயிற்சி பெற்ற செவிலியர் செய்யக்கூடியவை. தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் நாற்பது முதல்நிலை மருத்துவமனைகளில் செவிலியர்களுக்கு, அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கே போய், எளிய வழிகாட்டி ஒன்றை வைத்துப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2005-இல் முடிவுகள் வெளியாயின. காசநோய் அதிகம் பிடிபட்டது, உறிஞ்சும் ஸ்டீராய்டு தேவைப்பட்டவர்களுக்கு அது கிடைப்பதும் கூடியது. செவிலியர்களின் பைக்குள் புதிய மருந்தோ புதிய இயந்திரமோ எதுவும் இல்லை. இருமலோடு வருபவரிடம் எந்த வரிசையில் எதைக் கேட்பது என்ற படிவமும், அதன்படி மருந்து எழுதும் அதிகாரமும்தான் கொடுக்கப்பட்டன. பல நாடுகளில் அந்த இரண்டாவது பாதிதான் இன்னும் தடையாக இருக்கிறது. செவிலியர் ஊதவைக்கலாம், நோயைக் கண்டுபிடிக்கலாம், ஆனால் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்ஹேலரை எழுதித் தர முடியாது. நோயாளி அதற்காக இன்னொரு வரிசையில், இன்னொரு நாளில் நிற்க வேண்டும்.